நீதிபதி அடைக்குப் படுத்தது

இருபத்துமூன்று வருடக் குடித்தனத்தைப் பிரித்துக்கொள்ள வெண்டல் ஹூபருக்கும் லொரெட்டாவுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் பிடித்தது. வீடு அவனுக்கு, அது அவன் அப்பா கட்டியது. கார் அவளுக்கு. பியானோ அவளுக்கு, பியானோ இருந்த மூலை அவனுக்கு. நாய் போன வருடமே செத்துப்போய்த் தன் பங்குச் சிக்கலைத் தானே தீர்த்துவைத்திருந்தது. கடைசியில் எல்லாம் கோழியில் வந்து நின்றது.

“எத்தனை கோழி?” என்று நீதிபதி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“பெரிசு நாலு. பிப்ரவரியில பொரிச்ச குஞ்சு பன்னெண்டு,” என்றாள் லொரெட்டா.

நீதிபதியும் பண்ணையில் பிறந்து வளர்ந்தவர்தான். கோழி என்றால் அவருக்குத் தெரியாததா? “இதுக்கு எதுக்கு இவ்வளவு பேச்சு? பெட்டை எல்லாம் அந்தம்மாவுக்கு, சேவல் எல்லாம் இவருக்கு. எழுதிக்கோங்க,” என்று சொல்லி அடுத்த வழக்குக் கட்டைக் கையில் எடுத்துவிட்டார்.

வெண்டலும் லொரெட்டாவும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். இரண்டு வக்கீல்களுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. விவாகரத்து வாங்க வந்தவர்கள் இப்படிச் சிரித்து அவர்கள் பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். நீதிபதி வளர்த்தது செம்பட்டைக் கோழி. ஆறு வாரத்தில் சேவலுக்குக் கொண்டை சிவந்துவிடும், குருடன்கூடத் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவான். இவர்களுடையது சில்க்கி. உடம்பெல்லாம் பூனை முடி மாதிரி மெத்தென்று இருக்கும், தோல் கறுப்பு, காலுக்கு ஐந்து விரல், தலையில் கண்ணை மறைக்கும் குடுமி. அதில் எது ஆண், எது பெண் என்பது அதைப் பெற்ற கோழிக்கே ஐந்து மாதம் வரை தெரியாது. சில்க்கி வளர்க்கிறவர்கள் எல்லோரும் ஒரு பெண்பெயரை வைத்து, ஆசையாகக் கூப்பிட்டு, ஒருநாள் காலையில் அந்தப் பெண் “கொக்கரக்கோ” என்று கூவக் கேட்டு நெஞ்சில் கை வைத்தவர்கள்தான். இதை எடுத்துச் சொல்வதற்குள் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

லொரெட்டா ஊருக்குள் மருந்துக்கடை மாடியில் ஒரு வீட்டுக்குக் குடிபோனாள். அங்கே கோழி வைக்க முடியாது. அதனால் ஆணா பெண்ணா என்று தெரிகிறவரை எல்லாக் கோழியும் வெண்டலின் கூட்டிலேயே இருக்கட்டும், சனிக்கிழமைதோறும் பத்து மணிக்கு அவள் வந்து பார்ப்பாள், பெட்டை என்று உறுதியானால் காலில் மஞ்சள் வளையம், சேவல் என்றால் நீல வளையம் என்று பேசிக்கொண்டார்கள். எல்லாக் கோழிக்கும் வளையம் ஏறியதும் தன் பங்கைக் காரில் ஏற்றிக்கொண்டு அவள் டென்னஸிக்குப் போய்விடுவாள். அங்கே அவள் தங்கை ஜானெலுக்குப் பண்ணை இருக்கிறது. பழைய கொட்டகையைக் கழுவி வலையடித்து அவள் அக்காவுக்காகக் காத்திருந்தாள். இவர்கள் இருக்கும் ஒஹாயோவிலிருந்து ஏழு மணி நேரம் ஓட்ட வேண்டும்.

“கோழிய வெச்சுக்கிட்டு ரெண்டு தடவை என்னால அலைய முடியாது. மொத்தமா ஒரே நடை,” என்று சொல்லியிருந்தாள்.

ஏன் பிரிந்தார்கள் என்று ஊரில் பலர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். சண்டையே கிடையாது. அதுதான் கோளாறு. வெண்டல் பண்ணை வீடுகளுக்கு டேங்கர் லாரியில் கேஸ் கொண்டுபோய் நிரப்புகிறவன். நாள் முழுக்கத் தனியாக ஓட்டி ஓட்டி, பேச்சு என்பதே இயந்திரத்துக்கு எண்ணெய் போடுகிற மாதிரி அவசியமானால் மட்டும் செய்கிற காரியம் ஆகிவிட்டது அவனுக்கு. போன குளிர்காலத்தில் ஒருநாள் லொரெட்டா பாத்திரம் துடைத்துக்கொண்டே, “வெண்டல், நான் போயிடலாமான்னு யோசிக்கறேன்,” என்றாள். அவன் “ம்” என்றான். கொஞ்ச நேரம் கழித்து, “கூட்டுக் கதவுக்குக் கீல் மாத்தணும்,” என்றான்.

அவன் மனசில் பதில் இல்லாமல் இல்லை. மூன்று நாள் லாரியில் போகும்போதெல்லாம் அதை எப்படிச் சொல்வது என்று சேர்த்துச் சேர்த்து வைத்தான். நாலாம் நாள் வீட்டுக்கு வந்தபோது அவள் வக்கீலைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். சேர்த்துவைத்ததை அப்படியே விழுங்கிவிட்டான்.

ஜூலை முடிவதற்குள் ஏழு குஞ்சுக்கு வளையம் ஏறியது. லொரெட்டாவுக்கு இதில் கைதேர்ந்த பழக்கம். குஞ்சை மடியில் மல்லாத்திப் போட்டுக்கொள்வாள். கொண்டை அகலமாகி நாவற்பழ நிறத்துக்கு மாறுகிறதா, தாடி தொங்குகிறதா, குடுமி பந்து மாதிரி உருண்டிருக்கிறதா இல்லை பின்னால் வாரிவிட்ட மாதிரி இழை இழையாகப் போகிறதா என்று பார்ப்பாள். வெண்டல் வளையப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பான். ஆகஸ்ட் முடிவில் பதினொன்று ஆயிற்று. ஆறு மஞ்சள், ஐந்து நீலம்.

மிச்சம் ஒன்றே ஒன்று. அதுதான் கூட்டத்திலேயே அழகு. மழைக்கு முந்தின வானத்து நிறம். அந்த நிறத்துக்காக லொரெட்டா ஒன்பது வருடம் கோழிக்குக் கோழி ஜோடி சேர்த்துப் பாடுபட்டிருந்தாள். ஆனால் அந்தப் பிறவி யாருக்கும் பிடிகொடுக்கவில்லை. குடுமியில் இரண்டு இழை சேவல் மாதிரி பின்னால் போயிற்று. கொண்டை பெட்டை மாதிரி பட்டாணி அளவில் நின்றுவிட்டது. மார்பை நிமிர்த்திக்கொண்டு ராணுவ நடை நடக்கும், மற்ற சேவல்களை முறைக்கும், ஆனால் வாயைத் திறந்து ஒரு கூவல் கிடையாது. வெண்டல் அதற்கு நீதிபதி என்று பெயர் வைத்தான்.

“இத தனிக் கூண்டுல போடு. முட்டை விழுந்துதுன்னா யாரு போட்டதுன்னு சந்தேகமே வரக்கூடாது,” என்றாள் லொரெட்டா.

அவன் தலையாட்டினான். ஆப்பிள் மரத்தடியில் நல்ல வைக்கோல் போட்டுத் தனிக் கூண்டு கட்டிக் கொடுத்தான். பதினொன்றுக்கும் வளையம் ஏறிவிட்டது, பன்னிரண்டாவதுக்கு ஏறுகிற அன்று லொரெட்டா போய்விடுவாள். சனிக்கிழமை பத்து மணி என்று ஒன்று இனி இருக்காது. வாரத்தின் மற்ற ஆறு நாளும் அவன் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் தாடியை ஒதுக்கினான், சமையலறையைக் கூட்டினான், காபித்தூளை நல்லதாக வாங்கினான்.

செப்டம்பர் பதினாறாம் தேதி, செவ்வாய்க்கிழமை, விடிந்து தீவனம் போடப் போனவன் கூண்டுக்குள் பார்த்தான். வைக்கோல் நடுவில் ஒரு முட்டை. சின்னது, பால்கோவா நிறம். நீதிபதி பக்கத்தில் நின்று ஒன்றும் தெரியாத மாதிரி இறகு கோதிக்கொண்டிருந்தது.

வெண்டல் முட்டையைக் கையில் எடுத்தான். சூடாக இருந்தது. லொரெட்டாவுக்குப் போன் போட வேண்டும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஒன்பது வருடப் பாடு, அவளுக்கு உயிரே வந்த மாதிரி இருக்கும். போனைக்கூட எடுத்தான். பிறகு அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய், வெண்ணெயை உருக்கி, முட்டையை உடைத்து ஊற்றித் தின்றுவிட்டான்.

தின்றபிறகுதான் திருட்டு என்று உறைத்தது. முட்டை ஓட்டை எடுத்துப் போய்ப் பூசணிக்கொடிக்கு அடியில் புதைத்தான். ஐம்பத்தாறு வயதில், தன் வீட்டுக் கொல்லையில், தன் பூசணிக்கொடிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, யாராவது பார்க்கிறார்களா என்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

சில்க்கி தினம் முட்டையிடுகிற ஜாதி இல்லை. நல்லவேளை. ஒருநாள் விட்டு ஒருநாள், சில சமயம் இரண்டு நாள் விட்டு. இட்டதை எல்லாம் அவன் தின்றான். இத்தனைக்கும் அவனுக்கு முட்டை அவ்வளவு பிடிக்காது.

நாலாவது முட்டை அன்று பக்கத்துப் பண்ணை பர்ல் காபி குடிக்க வந்தான். பர்லும் வெண்டலும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் தோற்றவர்கள். பர்ல் வீட்டில் பெரிய சிவப்புக் கோழிகள் இருநூறு உண்டு. சில்க்கியைக் கண்டாலே அவனுக்கு நக்கல்தான்.

“என்னடா இது, குருவி முட்டைய ஆம்லெட் போட்டுத் திங்கற?” என்றான் தட்டைப் பார்த்து.

“சில்க்கி முட்டை.”

“அத விடு. உனக்கு முட்டை ஆகாதே. ஸ்கூல்ல எல்லா முட்டையையும் எங்கிட்டதான தள்ளுவ?” பர்ல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஜன்னல் வழியே ஆப்பிள் மரத்தடிக் கூண்டைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான், வெண்டலின் முகத்தைப் பார்த்தான். அவன் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. “அடப்பாவி. அது பெட்டையா?”

வெண்டல் ரொட்டியால் தட்டைத் துடைத்தான்.

“லொரெட்டாவுக்குத் தெரியுமா?”

“இல்ல.”

“எத்தன தின்ன?”

“இதோட நாலு.”

பர்ல் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். “கோர்ட்டு சொத்தடா அது! சாட்சியத்த வாயில போட்டு மென்னுக்கிட்டு உக்காந்திருக்கியே, உன்ன என்ன பண்றது?” சிரிப்பு அடங்கியதும் குரலை இறக்கினான். “டேய், அவகிட்ட சொல்லிடுடா.”

“கோழி விஷயத்தையா?”

“கோழி விஷயத்தையும்தான்,” என்றான் பர்ல்.

வெண்டல் எழுந்துபோய்த் தட்டைக் கழுவினான். பர்ல் காபியைக் குடித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனான்.

அந்த மாதத்துச் சனிக்கிழமைகளில் லொரெட்டா வழக்கம்போல வந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வாரமெல்லாம் நானூறு பிள்ளைகளுக்குப் பொங்கிப்போட்டுவிட்டு வருகிறவள், ஆனாலும் காரைவிட்டு இறங்குகிறபோது களைப்பே தெரியாது. நேராகக் கூண்டுக்குப் போய் நீதிபதியை மடியில் எடுத்துக்கொள்வாள். கொண்டையைப் பார்ப்பாள், தாடியைப் பார்ப்பாள். அக்டோபர் முதல் சனிக்கிழமை வாலுக்குக் கீழே விரலை வைத்து இடுப்பெலும்பையும் தொட்டுப் பார்த்தாள். முட்டையிடுகிற கோழிக்கு அந்த எலும்பு விரிந்திருக்கும், மூன்று விரல் போகும்.

அவள் விரலை எடுத்தாள். “ஒண்ணும் புரியல,” என்றாள். “நீ என்ன நினைக்கற?”

“எனக்கும் புரியல,” என்றான் வெண்டல்.

“ஒரு முட்டைகூட விழலையா?”

“விழல.”

அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “சரி. அடுத்த சனிக்கிழமை பாப்போம்,” என்று சொல்லி, காபி குடித்து, பர்லின் மனைவியைப் பற்றி இரண்டு வம்பு பேசிச் சிரித்துவிட்டுப் போனாள். அடுத்த சனிக்கிழமையும் அப்படியே ஆயிற்று. வெண்டல் இரண்டு தடவையும் தப்பித்தோம் என்று மூச்சு விட்டான். அன்று முழுக்கச் சந்தோஷமாகவும் இருந்தான், தன்னைப் பார்த்தால் தனக்கே அருவருப்பாகவும் இருந்தது.

இப்படியே கிறிஸ்துமஸ் வரை ஓட்டிவிடலாம் என்று அவன் கணக்குப் போட்டிருந்தான். சில்க்கியோடு ஒன்பது வருடம் இருந்தும் அதன் முக்கியமான குணத்தை எப்படி மறந்தானோ தெரியவில்லை. பயந்தவனுக்குப் புத்தி வேலை செய்யாது. உலகத்தில் அடைக்குப் படுப்பதில் சில்க்கியை மிஞ்சிய கோழி கிடையாது. பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் போதும் என்று நிறுத்திவிட்டு, உட்கார்ந்துவிடும். அடியில் முட்டை இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் அதற்குப் பொருட்டே இல்லை. கல்லை வைத்தாலும் அடைகாக்கும், ஒன்றுமே வைக்காவிட்டாலும் அடைகாக்கும்.

பதினோராவது முட்டை புதன்கிழமை விழுந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெண்டல் வேலையிலிருந்து வந்து பார்த்தபோது நீதிபதி வெறும் வைக்கோல்மேல் உடம்பைத் தட்டையாகப் பரப்பிப் படுத்திருந்தது. அவன் கையை நீட்டியதும் முடியைச் சிலிர்த்து, தொண்டைக்குள் “கொர்ர்” என்று உறுமி, மணிக்கட்டில் ஒரு கொத்து கொத்தியது. மார்பில் முடியைப் பிடுங்கிப் பிடுங்கிக் கூடுகூடக் கட்டியிருந்தது. சேவல் எந்த ஊரிலும் அடைக்குப் படுக்காது.

நாளை சனிக்கிழமை. வெண்டல் அதைத் தூக்கிப் புல்லில் விட்டான், அது இரண்டு நிமிஷம் பிரமை பிடித்த மாதிரி நின்றுவிட்டு ஓடிப்போய்ப் படுத்துக்கொண்டது. வைக்கோலை எல்லாம் அள்ளி வெளியே போட்டான், வெறும் பலகையில் படுத்துக்கொண்டது. விடிந்தபிறகு ஒரே ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. அடைச்சூடு வயிற்றில்தான் இருக்கிறது, வயிற்றைக் குளிர்ந்த தண்ணீரில் முக்கினால் சூடு தணிந்து கோழி அடையை மறந்துவிடும். வாளித் தண்ணீரில் நீதிபதியை வயிறு வரை முக்கினான். அது சும்மா இருக்குமா? இறக்கையை அடித்துத் தலையோடு கால் நனைந்தது. சில்க்கி முடியில் தண்ணீர் ஒட்டாமல் வழிந்துவிடாது, பஞ்சு மாதிரி குடித்துவிடும், அக்டோபர்க் குளிரில் அப்படியே விட்டால் ஜன்னி வந்து செத்துப்போகும். அவசர அவசரமாகச் சமையலறைக்குத் தூக்கிவந்து, துண்டில் சுற்றி, லொரெட்டா விட்டுப்போயிருந்த முடி உலர்த்தியை எடுத்து ஊதத் தொடங்கினான்.

அந்த இரைச்சலில் கார் வந்தது காதில் விழவில்லை.

“என்ன நடக்குது இங்க?” என்றாள் வாசலில் நின்ற லொரெட்டா. மணி ஒன்பதே முக்கால்தான்.

வெண்டல் உலர்த்தியை நிறுத்தினான். பாதி பஞ்சும் பாதி நனைந்த எலியுமாக நீதிபதி மேசைமேல் நின்றது. “குளிப்பாட்டினேன்,” என்றான். “ஒரே தூசி.”

“கோழிக் கண்காட்சிக்கா போகுது? இந்தக் குளிர்ல எதுக்குக் குளிப்பாட்டற?”

அவன் பதில் தேடுவதற்குள் நீதிபதிக்குப் பொறுமை போய்விட்டது. துண்டை உதறிக்கொண்டு மேசையிலிருந்து குதித்தது. லொரெட்டாவின் காலுக்கு நடுவே புகுந்து, படியில் உருண்டு, முற்றத்தைக் குறுக்காக ஓடி, ஆப்பிள் மரத்தடிக் கூண்டுக்குள் நுழைந்து, வெறும் பலகைமேல் ஈர உடம்பைப் பரப்பிப் படுத்துக்கொண்டது. இரண்டு பேரும் பின்னாலேயே போனார்கள். லொரெட்டா குனிந்து கையை உள்ளே விட்டாள். “கொர்ர்” என்றது.

அவள் கையை வெளியே எடுத்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

“எத்தனை?”

வெண்டல் காலைப் பார்த்தான். “என்ன எத்தனை?”

“வெண்டல்.”

“பதினொண்ணு.”

“எங்க?”

“தின்னுட்டேன்.”

“பதினொண்ணையுமா?”

“ஒன்பது பொரிச்சு. ரெண்டு வேகவெச்சு.”

லொரெட்டா கவிழ்த்துப்போட்டிருந்த தீவன வாளிமேல் உட்கார்ந்தாள். அவள் திட்டுவாள் என்று அவன் எதிர்பார்த்தான். ஒன்பது வருடம் அவள் காத்திருந்த கோழியின் முதல் முட்டையைத் தின்றவன், திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அவள் முகம் சிவந்தது. ஆனால் குரல் மெதுவாகத்தான் வந்தது.

“ரெண்டு சனிக்கிழமை முன்னாடியே எனக்குத் தெரியும். மூணு விரல் தாராளமா போச்சு.”

“அப்ப ஏன் சொல்லல?”

“நீ சொல்லுவியான்னு பாத்தேன்.” அவள் கையில் ஒட்டியிருந்த ஈர முடியைத் துடைத்தாள். “ஒரு வாரம் குடுத்தேன். சொல்லல. இன்னொரு வாரம் குடுத்தேன். அப்பவும் வாய் தெறக்கல. பிடிக்காத முட்டைய ஒளிச்சு ஒளிச்சு பதினொண்ணு தின்னத் தெரியுது. ‘போகாத’ன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியல. எப்பேர்ப்பட்ட ஆளுய்யா நீ?”

வெண்டல் வழக்கம்போல “ம்” என்று சொல்ல வாயெடுத்தான். அது தொண்டை வரை வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தான். இன்னும் மூன்று நாள் யோசித்தால் இதைவிட நன்றாகச் சொல்லலாம்தான். ஆனால் மூன்று நாளில் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

“போகாத, லொரெட்டா,” என்றான்.

ஒரு வார்த்தை வந்ததும் மற்றதெல்லாம் முண்டிக்கொண்டு வந்தது. “அன்னிக்கு நீ போயிடலாமான்னு கேட்டப்ப நான் கீல் மாத்தணும்னு சொன்னேன். அது இல்ல நான் சொல்ல நினைச்சது. நீ இல்லாட்டி இந்த வீட்டுல எனக்கு என்ன இருக்குன்னுதான் நினைச்சேன். மூணு நாளு லாரில தனியா சொல்லிச் சொல்லிப் பாத்தேன். அதுக்குள்ள நீ வக்கீலப் பாத்துட்ட. எனக்கு சனிக்கிழமை மட்டும் போதாது. அவ்வளவுதான். தப்புத்தான், முட்டைய தின்னுருக்கக்கூடாது.”

இருபத்துமூன்று வருடத்தில் அவன் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். பேசி முடித்ததும் லாரியைத் தூக்கி வைத்தவன் மாதிரி அவனுக்கு மூச்சு வாங்கியது. லொரெட்டா வேறு பக்கம் திரும்பி, சட்டைக்கையால் மூக்கைத் துடைத்தாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. இரண்டும்தான்.

“பெரிய கோழிங்க முட்டை போடுதா?” என்றாள்.

“ரெண்டு போடுது. ஆறு சேந்திருக்கு.”

“ஃப்ரிட்ஜ்லயா?”

“இல்ல, ஜன்னலோரத்துல. இந்த வாரத்துதான்.”

“எடுத்துட்டு வா. அந்த உலர்த்தியையும் எடுத்துட்டு வா. வைக்கோலும் கொண்டா, வெறும் பலகைல எப்படிப் படுக்கும், பாவம்.”

அவன் ஓடினான். வீட்டிலிருந்து நீளமான மின்கம்பி இழுத்து, கூண்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, நீதிபதியை இருவருமாக உலர்த்தினார்கள். அவன் ஊத, அவள் விரலால் முடியைப் பிரித்துவிட்டாள். அது மறுபடி உருண்டு திரண்டு மழை மேக நிறத்துக்கு வந்தது. புது வைக்கோல் போட்டு, லொரெட்டா முட்டைகளை ஒவ்வொன்றாக அதன் வயிற்றுக்கு அடியில் தள்ளினாள். நீதிபதி அலகால் ஒவ்வொன்றையும் உருட்டி உள்ளே இழுத்துக்கொண்டது, உறுமலை நிறுத்தி, கண்ணைச் சொருகிக்கொண்டு, உலகத்தில் தனக்கு வேண்டியது கிடைத்துவிட்ட மாதிரி அடங்கியது. லொரெட்டா பையிலிருந்து மஞ்சள் வளையத்தை எடுத்து அதன் காலில் மாட்டினாள்.

“ஒரு சந்தேகம்,” என்றாள். “முட்டை போட்ட கோழி என்னது. சேவல் உன்னது. அப்ப இந்த முட்டை யாருது?”

வெண்டல் யோசித்தான். “தீர்ப்புல அது இல்லையே.”

“மறுபடி கோர்ட்டுக்குப் போகணுமா?”

“போனா அந்த மனுஷன் நம்மள அடிச்சே தொரத்துவாரு.”

லொரெட்டா வாய்விட்டுச் சிரித்தாள். கோர்ட்டில் சிரித்தது மாதிரி வாயை மூடிக்கொண்டு இல்லை. அப்போது அவள் பையில் போன் அடித்தது. ஜானெல். சனிக்கிழமை பதினொரு மணிக்கு அவள் தவறாமல் கேட்பாள், கொட்டகை காலியாகக் கிடக்கிறது, என்றைக்கு வருகிறாய் என்று.

“சொல்லு ஜானெல். ஆமா, தெரிஞ்சுபோச்சு. பெட்டைதான். அடைக்குப் படுத்திருச்சு, அதான் தெரிஞ்சுது. இல்ல, அது பெரிய கதை. எப்பவா?” லொரெட்டா போனைக் கையால் பொத்திக்கொண்டு வெண்டலைப் பார்த்தாள். “எப்ப வரேன்னு கேக்கறா. என்ன சொல்லட்டும்?”

வெண்டல் இந்தத் தடவை மூன்று விநாடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

“வரலன்னு சொல்லு.”

லொரெட்டா அவனையே பார்த்துக்கொண்டு கையைப் போனிலிருந்து எடுத்தாள்.

“நான் வரலையாம், ஜானெல்,” என்றாள்.